எய்தவன் தேடல்

குறிஞ்சிப் பாடல்களில் ஈடுபட்டோர் அனைவர்க்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் கிளி கடிந்து நிற்கின்றனர். வில்லும் அம்பும் தாங்கிய இளைஞன் ஒருவன் அங்கு வருகின்றான். தன்னிடமிருந்து தப்பிய யானையோ மானோ இவ்வழியே வந்ததுண்டோ என வினவுகின்றான். தொல்காப்பியர் களவியலில், தலைவன் தோழியைக் குறையிரந்து நிற்கும் திறங்களைக் கூறுமிடத்து, ஊரும் பேரும் கெடுதியும் வினவுதலைக் குறிப்பிடுகின்றார். கெடுதி என்பது கைவிட்டுப் போனது, தேடப்படுவது. பிற்காலக் கோவை நூல்கள் இதனையே வேழம் வினாதல், கலைமான் வினாதல் எனத் துறைகளாக வகுத்துக்கொண்டன.

இத்துறைக்கு நாம் வகுப்பறையில் கேட்ட விளக்கம் ஒன்றே. யானையும் இல்லை, மானும் இல்லை. பேச்சைத் தொடங்குவதற்குத் தலைவன் கண்ட சாக்கு அது என்பர். அவ்விளக்கம் பிழையுடையதன்று; எனினும் பாதியிலேயே நின்றுவிடுகின்றது. ஒரு சாக்கு பயன்பட வேண்டுமாயின், கேட்போர் அதனை நம்பத்தக்கதாகக் கொள்ளல் வேண்டும். முன்பின் அறியாத மகளிரிடம் ஆடவன் ஒருவன் சென்று பேசுதற்கு மலைநாட்டு வாழ்வு எந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டதோ, அந்தக் காரணத்தையே அவன் தேர்ந்திருப்பான். அம்பு தைத்த விலங்கைத் தேடுதல் அத்தகைய காரணமாயிற்று என்றால், அத்தேடல் அம்மக்களிடையே கடமையாக மதிக்கப்பட்டது என்று கொள்ளுதல் பொருந்தும். எய்தவன் தேடியே ஆகவேண்டும். தேடுபவன் யாரையும் கேட்கலாம். இந்த அறம் நிலவாத இடத்தில் அந்த வினா வெறும் அசட்டுப் பேச்சாக முடிந்திருக்கும்.

இக்கருத்தைத் தெளிவுபடுத்த, மலைநிலத்து வில்வேட்டையின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். கோப்புகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்குச் செங்குத்தான மலைச்சரிவும் குருதித் தடமும் ஏட்டில் கண்ட பொருள்களே. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது, அது நல்லதே. ஆயினும் உலகின் வேறொரு பகுதியில், சட்டத்திற்கு உட்பட்டு, உயர்ந்த மலைகளில் பெருமானை வில்லால் வேட்டையாடும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் நிகழும் ‘எல்க்’ வேட்டையைக் குறிப்பிடுகின்றேன். அவ்வேட்டையின் நடைமுறை, நம் பழம்பாடல்களுக்கு எதிர்பாராத உரையாக அமைகின்றது.

எல்க் என்னும் பெயர்

எல்க் என்னும் சொல் பயணம் செய்த சொல். ஐரோப்பாவில் அது மூஸ் எனப்படும் வேறொரு பெருவிலங்கைக் குறிக்கும். அமெரிக்காவில் குடியேறியோர் அப்பெயரை அங்குக் கண்ட பெருமானுக்கு இட்டனர். ஷானி பழங்குடியினர் மொழியிலிருந்து வந்த வாப்பிட்டி என்னும் பெயரும் அதற்கு உண்டு. இலங்கையில் வாழ்ந்த ஆங்கில வேட்டைக்காரர்களோ அங்குள்ள மரையையே எல்க் என்றழைத்தனர். சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில் எல்க் என வருவதெல்லாம் இந்த மரையே. தமிழகத்தில் நாம் கடமான் என்பதும் இதனையே. விலங்கு நூலார் கணக்கில் மரையும் வாப்பிட்டியும் வெவ்வேறு இனங்கள். காசுமீரத்து ஹங்குல் மான்தான் வாப்பிட்டிக்கு நெருங்கிய உறவு. ஆயினும் மலைச்சரிவில் வாழும் பெரிய மான் என்னும் அளவில், ராக்கி மலை வேட்டுவன் எதிர்கொள்வதும் குறிஞ்சி வேட்டுவன் எதிர்கொண்டதும் ஒத்த இடர்ப்பாடுகளே.

ராக்கி மலையின் முதிர்ந்த கலை 300 கிலோவிற்கும் மிகுந்த எடையுடையது. கொலராடோ, மொன்டானா, ஐடகோ முதலிய மாநிலங்களில் வில்வேட்டைப் பருவம் பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி அமைகின்றது. மலைக்காற்று அங்கு வேட்டுவனின் முதற்பகை. விடியலில் குளிர்ந்த காற்று சரிவின் வழியே கீழிறங்கும்; வெயில் ஏறிப் பாறைகள் சூடானபின் அதுவே மேல்நோக்கி எழும். காலையில் விலங்கிற்குக் கீழே நிற்பவனும் பகலில் மேலே நிற்பவனும் பிழைத்தனர். மாறி நின்றவனின் மணம் மானின் மூக்கைச் சென்றடையும். இதனால் வேட்டுவன் தன் நாளையே காற்றின் போக்கிற்கேற்ப வகுத்துக்கொள்கின்றான்.

சரிவில் எய்தலும் சமநிலத்தில் எய்தல் போன்றதன்று. மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போது, அம்பின் வீழ்ச்சியைக் கணிக்கக் கண்ணுக்குத் தெரியும் தொலைவைவிடக் கிடைத்தொலைவே உதவும். 45 பாகைச் சரிவில் 40 மீட்டர் அப்பால் நிற்கும் மானுக்கு ஏறத்தாழ 28 மீட்டருக்குரிய குறியே வைத்தல் வேண்டும். இதனை அறியாதவன் அம்பு விலங்கின் முதுகிற்கு மேலே பறந்துபோகும். அல்லது படத்தகாத இடத்தில் படும்.

இவற்றினும் முதன்மையானது அம்பு கொல்லும் முறை. துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி பெரும்பாலும் விலங்கை நின்ற இடத்தருகே வீழ்த்தும். அம்போ அறுத்துச் செல்வது. குருதி வடிதலால் கொல்வது. இரு நுரையீரல்களையும் ஊடுருவிய அம்பானாலும் மான் உடனே வீழ்வதில்லை. ஓடி, மரங்களுக்கிடையே மறைந்து, பின்னரே சாயும். கல்லீரலில் பட்டதாயின் சில மணிநேரம் உயிரோடு இருக்கும். குடலில் பட்டதாயின் அதனினும் நெடுநேரம் துன்புறும். எனவே தேர்ந்த வேட்டுவன் அம்பு விட்டவுடன் பாய்ந்தோடுவதில்லை. அமர்ந்து காத்திருக்கின்றான். அதன்பின் நிலத்தைப் படிக்கத் தொடங்குகின்றான். நுரைத்த செந்நிறக் குருதி நுரையீரலைச் சொல்லும்; கருஞ்சிவப்பு கல்லீரலைச் சொல்லும்; பசுமை கலந்த கசிவு குடலைச் சொல்லும். ஒவ்வொன்றிற்கும் காத்திருக்கவேண்டிய பொழுது வேறு. அவசரப்பட்டுத் தொடர்ந்தால், படுத்துவிட்ட மான் மீண்டும் எழுந்து, எட்டாத பள்ளத்தாக்கிற்குச் சென்றுவிடும். மேலிருந்து எய்த அம்பு மறுபுறம் வெளிவராவிடின் குருதி உடலுக்குள்ளேயே தேங்கும். நிலத்தில் தடமே இராது. அப்பொழுது வேட்டுவனுக்கு எஞ்சுவது தேடலும், எதிர்ப்பட்டோரிடம் கேட்கும் கேள்வியுமே.

ஆகவே வில்வேட்டையில் அம்பு விடுதல் நடுப்பகுதியே. அதன்பின் வரும் பகுதிதான் வேட்டுவனின் தரத்தைக் காட்டுவது. 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி பூட்டிய வில் அம்பின் விரைவைப் பெருக்கிவிட்டது. அம்பு கொல்லும் முறையை அது மாற்றவில்லை. கருவி எதுவாயினும் தேடவேண்டிய பொறுப்பு மனிதனிடமே இருக்கின்றது.

ஒரு நூலும் ஒரு மனிதரும்

அமெரிக்காவில் இக்காலத்து வில்வேட்டை இலக்கியத்திற்கு மூலநூல் போல மதிக்கப்படுவது, சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் 1923இல் வெளியிட்ட ‘வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுதல்’ என்னும் நூலாகும். அந்நூலின் தோற்றக்கதை நூலினும் பெரியது. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரருகே, பசியால் மெலிந்த பழங்குடி மனிதர் ஒருவர் தனியராய் வந்து நின்றார். யாகி என்னும் குழுவில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். தம் பெயரை அவர் எவரிடமும் வெளியிடவில்லை. அவர் மொழியில் மனிதன் எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் சொல்லையே ஆய்வாளர்கள் அவருக்குப் பெயராக்கினர். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்தார். 1916இல் காசநோயால் மறைந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த போப், அவரிடமே வில்வித்தை கற்றார்.

இஷியின் வேட்டை முறையைப் போப் விரித்து எழுதியிருக்கின்றார். வேட்டைக்கு முன்னாள் இஷி மீன் உண்பதில்லை, புகைப்பதில்லை. வைகறையில் எழுந்து ஓடையில் நீராடி, நறுமண இலைகளை உடலில் தேய்த்துக்கொண்டு, உணவின்றிப் புறப்படுவார். தொலைவில் எய்து வியப்பூட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. விலங்கை அணுகுவதும், அணுகும்வரை பொறுத்திருப்பதுமே அவர் கலை. இப்பகுதிகளைப் படிக்கும் தமிழ் மாணவன் மனம் நெகிழாதிருக்க முடியாது. நோன்பும் நீராட்டும் கொண்டு தொடங்கும் வேட்டையில், கொல்லப்படும் உயிர்பால் ஓர் அடக்கம் இருக்கின்றது.

ஆயினும் நூலை முழுமையாக நோக்கும்போது ஒரு குறை தென்படுகின்றது. முதற்பகுதி இஷியினுடையது, நூல் போகப் போக அது பெருவிலங்குகளை வென்ற வரலாறாகிவிடுகின்றது. மலைச்சிங்கமும் கரடியும் அடுத்தடுத்து வருகின்றன. அருங்காட்சியகம் ஒன்றிற்காக 1920இல் யெல்லோஸ்டோனில் பழுப்புக் கரடிகளை எய்த செய்தி உச்சமாக அமைகின்றது. அம்பு எவ்வளவு ஆழம் சென்றது, வில் எவ்வளவு வலியது என்னும் அளவைகளில் ஆசிரியர்க்குப் பெருவிருப்பம். நூலைப் படையலாக்கியிருப்பதோ ஆங்கிலக் கதைமரபின் ராபின் ஹூட்டிற்கு! வில்லைக் கையில் தந்த ஆசிரியர் ஓர் இயலாகச் சுருங்க, கதைமாந்தன் ஒருவன் முகப்பில் ஏறிக்கொள்கின்றான். போப் நல்ல மருத்துவர். நண்பரை உண்மையாகவே நேசித்தவர். எனினும் இஷியிடம் கற்க வேண்டியதில் பாதியையே அவர் நூல் கற்றது என்று தோன்றுகின்றது. எய்தலை அது கற்றது; எய்தவனின் அடக்கத்தைத் தொடர்ந்து காக்கவில்லை.

இங்கு ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. இஷியின் மக்களே வேட்டையாடப்பட்டவர்கள். பசியால் யாகி மக்கள் குடியேறியோரின் மாடு ஒன்றை எய்தனர். காயமுற்ற அம்மாட்டின் குருதித் தடத்தை மாட்டுக்காரர் நால்வர் கண்டனர். மறுநாள் நாய்களோடு தொடர்ந்து சென்று, குகை ஒன்றில் குழந்தைகள் உட்பட முப்பதுபேரளவில் கொன்றனர். 1871இல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இதனை மானிடவியலார் வாட்டர்மன் 1918இல் பதிவு செய்தார். புண்பட்ட உயிரின் துன்பத்தை முடித்து, அதன் ஊனை வீணாக்காமல் காக்க வேட்டுவன் தொடரும் அதே குருதித் தடம், வெறுப்புடையோர் கையில் கொலைக்கு வழியாயிற்று. தடத்தைத் தொடர்தல் மட்டும் அறமாகிவிடாது. எதன்பொருட்டுத் தொடர்கின்றான் என்பதே வேட்டுவனையும் கொலைஞனையும் வேறுபடுத்துவது.

கெடுதி வினாதலின் உட்பொருள்

இவ்வளவும் உளங்கொண்டு குறிஞ்சிக்கு மீள்வோம். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்காகப் பாடப்பட்டது என்பர். தமிழ்நிலத்திற்கு அப்பால் தமிழ் பேணும் நம் போன்றோர்க்கு அப்பாட்டு இருமடங்கு உரியது. அதில் தலைவன் வேட்டை நாய்களோடு வருகின்றான். நாய்களைக் கண்டு மகளிர் அஞ்சுகின்றனர். அவன் அவற்றை அடக்கி, தன்னிடமிருந்து தப்பிய விலங்குகள் இப்பக்கம் வந்தனவோ என்கின்றான். மகளிர் வாய் திறக்கவில்லை. கெடுதியைச் சொல்லாவிடினும் என்னோடு ஒரு சொல் சொல்லலாகாதோ என இரந்து நிற்கின்றான். இதுவரை அது சாக்கே.

ஆனால் கபிலர் அதனைச் சாக்காகவே விட்டுவிடவில்லை. சற்றைக்கெல்லாம் மதம் பட்ட யானை ஒன்று புனத்தை நோக்கி வருகின்றது. மகளிர் நடுங்கித் தலைவனை அணுகுகின்றனர். அவன் விட்ட அம்பு யானையின் முகத்தில் அழுந்துகின்றது. குருதி வழிய அது புறங்கொடுத்து ஓடுகின்றது. முன்பு வாயளவில் சொல்லப்பட்டது இப்போது கண்ணெதிரே நிகழ்ந்துவிட்டது. இந்த அமைப்பின் நுட்பத்தை நாம் போதிய அளவு பாராட்டவில்லை. மகளிரைக் காக்க எய்த அம்பு அது; ஆகையால் அவன் யானையைத் தொடரவில்லை. நடுங்கி நின்றவளின் பக்கம் திரும்புகின்றான். மலைக்கடவுளைச் சான்றாக வைத்து, அருவிநீரைப் பருகி, பிரியேன் எனச் சூளுரைக்கின்றான். தொடர்தல் என்னும் வேட்டுவனின் கடமை அந்தக் கணத்தில் விலங்கை விட்டு அவள்பால் மாறுகின்றது. புனத்திற்கு வந்தபோது அவன் தேடியது வேறு. புனத்தை விட்டுப் போகும்போது அவன் கைவிடக்கூடாதது வேறு.

அகநானூற்றின் 82ஆம் பாடலும் கபிலருடையதே. அதில் தலைவி தோழியிடம் பேசுகின்றாள். வில்லைப் பற்றி, அம்பைத் தெரிந்து, யானை சென்ற நெறியை வினவி, புனத்தின் வாயிலருகே அவன் நின்றான். அவனைக் கண்டோர் பலர். அவர்களுள் தான் ஒருத்தி மட்டும் இரவில் உறக்கமின்றிக் கண்ணீரோடு தோள் மெலிதல் ஏன் என்கின்றாள். அவன் தேடிய யானைக்கு என்ன நேர்ந்தது என்று பாட்டில் ஒரு சொல் இல்லை. புண்பட்டது எது என்பதற்கு விடை அவளே. அவள் நேரடியாக முறையிடவில்லை. யானையின் வழியைக் கேட்டு மலையெல்லாம் நடப்பவன், தான் புண்படுத்திய நெஞ்சின் வழியை அறிவானோ என்னும் வினா, பாட்டின் அடியில் குருதி போலவே கசிந்துகொண்டிருக்கின்றது.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இம்மரபு வேறொரு பக்கம் திரும்புகின்றது. கலைமான் வினாவும் தலைவன், கலையைப் புண்படுத்திய கணையை அம்மகளிரின் கண்களுக்கு ஒப்பிட்டுப் பேசுகின்றான். கணை கண்ணாயின், புண்பட்ட கலை யார்? அவனே. எய்தவனாக வந்தவன் எய்யப்பட்டவனாகிவிடுகின்றான். தோழி கூர்மையானவள். வேழமாய்த் தொடங்கிய இவன் வினா, கலையாய், பிறவாய், தழையாய், இறுதியில் தலைவியின் இடையில் வந்து முடிந்ததே என நகைக்கின்றாள். அந்நகை சாக்கைக் கண்டுகொண்ட நகை. ஆயினும் அவள் அவனை விரட்டிவிடவில்லை. தேடி வந்தவன் என்ற அளவில் அவனுக்கு ஓர் உரிமை இருக்கின்றது. அவ்வுரிமைக்கேற்ப அவன் நடப்பானோ என்று பார்க்கின்றாள். களவு நீளும்போது வரைவு கடாவும் தோழியும் இவளே. எய்தவன் தேடியே ஆகவேண்டும் என்னும் மலைநாட்டு அறத்தைக் காதலனுக்கு நினைவூட்டுபவள் அவள்.

பருவத்தின் குரல்

வில்வேட்டையைப் புகழும்போது மறைத்தலாகாத ஒரு பகுதி உண்டு. செப்டம்பர் எல்க் மானின் இணைவிழைச்சுப் பருவம். குழலோசைபோல் தொடங்கி உயர்ந்து, கனைப்பாக முடியும் ஒரு குரலைக் கலைகள் அப்பொழுது எழுப்பும். பிணையின் குரலையோ எதிரிக் கலையின் குரலையோ ஊதுகருவியால் போலியாக எழுப்பி, வேட்டுவர் கலையை அம்பெல்லைக்குள் அழைக்கின்றனர். இஷியும் இதழ்களால் குட்டியின் துயரக்குரலை எழுப்பி விலங்குகளை வரவழைத்தார். வில் அருகிலிருந்து எய்ய வேண்டிய கருவியாதலின் இவ்வஞ்சகம் அதனோடு பிறந்தது. காதலையும் தாய்மையையும் கண்ணியாக்குதல் தகுமோ?

வியாசரின் பாரதம் இக்கேள்விக்குக் கடுமையான விடை தருகின்றது. இணைந்திருந்த மான்களைப் பாண்டு எய்தான். கலை வடிவில் இருந்த முனிவரின் சாபம் அவனை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து, முடிவில் கொன்றது. புறநானூறு தரும் விடை அத்தகைய இடிமுழக்கம் உடையதன்று. 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் வேட்டுவன் ஒருவனின் முற்றத்தைக் காட்டுகின்றார். யானை வேட்டுவன் நிழலில் அயர்ந்து உறங்குகின்றான். வேட்டைக்குப் பழக்கிய பார்வைப் பிணை அங்கு நிற்கின்றது. காட்டுக் கலை ஒன்று வந்து அதனோடு கூடி விளையாடுகின்றது. பார்வை விலங்கு தன் பணியைச் செய்துவிட்டது. இனி வில்லை எடுப்பதே எஞ்சியது. மனையாளோ அசையாமல் நிற்கின்றாள். கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையை விட்டு அகன்றுவிடுமோ என்றும் அவள் அஞ்சுகின்றாள்.

உலக வேட்டை இலக்கியத்தில் இதற்கு இணையான கணத்தை நான் அறியேன். அவளும் வேட்டுவக் குடியினள். ஊன் உண்டு வாழ்பவள். வேட்டையைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் எய்யத்தகாத பொழுது ஒன்று உண்டு என்பதை அவள் அசையாத கால்கள் அறிந்திருக்கின்றன. போலிக்குரல் எழுப்பி அழைக்கும் கலையில் தேர்ந்தோர்க்கும், அழைத்தபின் அம்பை அடக்கிக்கொள்ளும் நாள் ஒன்று இருத்தல் நலம் என்பதே இப்பாட்டு நமக்குக் காட்டும் எல்லை.

ஊனும் பெயரும்

தேடல் விலங்கைக் கண்டவுடன் முடிவதில்லை. ராக்கி மலையில் கலை ஒன்று பள்ளத்தாக்கில் வீழ்ந்துவிட்டால், அதன் ஊனை வெயில் கெடுப்பதற்குள் அறுத்துப் பகுத்து, முதுகில் சுமந்து, பலமுறை ஏறி இறங்கிக் கொணர்தல் வேண்டும். உண்ணத்தக்க ஊனைக் காட்டில் விட்டுவருதல் மேலை மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றம். கொம்பை மட்டும் எடுத்துச் செல்பவனை நல்ல வேட்டுவர் மதிப்பதில்லை.

வன்பரணர் ஓரியைப் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி உடும்பில் சென்று தங்கியதாம். மேடைதோறும் இதனையே எடுத்துக்கூறி வல்வில்லைப் புகழ்கின்றோம். அது மிகையுரை, வில்லின் இயல்பறிந்தோர் புன்முறுவல் பூப்பர். பாட்டின் உண்மையான வலிமை பின்பகுதியில் இருக்கின்றது. வேட்டுவக் கோலத்தில் நின்றவன் யாரென்று அறியாமல் பாணர் பாட, அவன் தான் கொன்ற மானின் ஊனையும் கள்ளையும் பொன்னையும் அளிக்கின்றான். அதே புலவர் நள்ளியைப் பாடிய 150ஆம் பாட்டு இன்னும் எளிமையானது. ஆதலால் இன்னும் உயர்ந்தது. அங்கு வியப்பூட்டும் எய்தல் ஏதுமில்லை. மான் கூட்டத்தை எய்த குருதி காலில் காயாத வேட்டுவன், பலா நிழலில் தளர்ந்திருந்த புலவரைக் காண்கின்றான். தன் கூட்டத்தார் வந்து சேருமுன் தானே தீ மூட்டி, ஊனைச் சுட்டுப் பசி தீர்க்கின்றான். அணிகளைக் கழற்றித் தருகின்றான். எந்நாட்டான் என்றதற்கும் விடையில்லை. யார் என்றதற்கும் விடையில்லை. வழியில் பிறர் சொல்லியே அவன் நள்ளி என்று புலவர் அறிகின்றார். எய்த திறத்தை அளவிட்டுப் பெயரோடு பதிவு செய்யும் இலக்கியத்திற்கும், பெயரைச் சொல்லாமல் ஊனைப் பகிர்ந்தவனைப் பதிவு செய்த இலக்கியத்திற்கும் உள்ள தொலைவு இதுவே.

நம் பாடல்களில் உள்ளவை எல்லாம் மேல், பிறர் நூல்களில் உள்ளவை எல்லாம் கீழ் என்று தீர்ப்புக் கூறுதல் என் நோக்கமன்று. ஐந்து விலங்குகளைத் துளைத்த அம்பை நாமும் அளவின்றிக் கொண்டாடியிருக்கின்றோம். இஷியின் நோன்பைப் போப் எழுதி வைத்திராவிடில் உலகம் அதனை இழந்திருக்கும். நான் வேண்டுவது ஓர் அளவுகோல். வேட்டையைப் பற்றிய எழுத்து எதுவாயினும், அம்பு கையை விட்டகன்ற பின்னர் அது எங்கு நிற்கின்றது என்று கேட்போம். எய்த இடத்திலேயே நின்று வில்லை உயர்த்திக் காட்டுமாயின் அது தற்புகழ்ச்சி. தடத்தைத் தொடர்ந்து, புண்பட்டதைக் கண்டு, அதற்குரிய கடனை நிறைவேற்றுமாயின் அது இலக்கியம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்னும் பழமொழியை நாம் பிறரைக் குற்றங்கூறவே பயன்படுத்துகின்றோம். அது எய்தவனின் பொறுப்பைச் சொல்லும் மொழியும் ஆகும். அலுவலகத்தில் ஓர் ஆணையில் ஒப்பமிட்டு அனுப்புபவனுக்கும் அது பொருந்தும். அந்தத் தாள் யார் வாழ்வில் சென்று தைத்தது என்று அவன் பெரும்பாலும் கேட்பதில்லை. குறிஞ்சித் தலைவன் கேட்டான். சாக்காகவேனும் கேட்டான். கேட்டதனால் அவன் கேள்விக்கே கட்டுப்பட்டு, அருவிநீர் பருகிச் சூளுரைக்க வேண்டியவன் ஆனான். வேழம் வினாதலையும் கலைமான் வினாதலையும் இனி மாணவர்க்குக் கற்பிப்போர், அது பொய்வினா என்பதோடு நிறுத்தாமல், அப்பொய்க்கு இடங்கொடுத்த மெய்யையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.